ஆகஸ்டு மாதத்து அச்சுக்கூடம்: சகோதரி கொரீட்டா கென்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

ஓவியத்தில் கெட்டிக்காரியான ஒரு கன்னியாஸ்திரி, அவரை அடக்கப் பார்த்த ஒரு கர்தினால், கடைசியில் துறவு உடையைக் கழற்றிவிட்டு வெளியேறிக் கிடைத்த விடுதலை. லாஸ் ஏஞ்சலஸின் சகோதரி மேரி கொரீட்டாவைப் பற்றிப் பெரும்பாலும் இந்த மூன்று வரியில்தான் கதை சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் செய்த படங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. இன்று அதிகம் பேசப்படும் அவருடைய அச்சுப் படங்கள் 1962க்கும் 1968க்கும் இடையே செய்யப்பட்டவை. அப்போது அவர் மடத்துக்குள் இருந்தார். கீழ்ப்படிவேன் என்று துறவிகள் எடுக்கும் உறுதிமொழியான வார்த்தைப்பாட்டுக்குக் கட்டுப்பட்டு, ஆண்டு முழுவதும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்த பிறகு இன்னும் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார், படமும் செய்தார். அவற்றில் நல்லவை இருக்கின்றன. அந்த ஆறு ஆண்டுகளின் வேகம் மட்டும் இல்லை.

அப்படியானால் மடம் அவருக்கு எதைக் கொடுத்தது, பதிலுக்கு எதை வாங்கிக்கொண்டது? இந்தக் கேள்வியோடு போனால்தான் அவருடைய வாழ்க்கை பிடிபடுகிறது என்பது என் எண்ணம்.

பிரான்சிஸ் எலிசபெத் கென்ட் 1918 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஃபோர்ட் டாட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் ஐந்தாமவர். சிறு வயதிலேயே குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவந்துவிட்டது. பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1936இல், மரியாவின் மாசற்ற இருதய சகோதரிகள் சபையில் சேர்ந்து மேரி கொரீட்டா என்று பெயர் பெற்றார். அந்தச் சபை 1848இல் ஸ்பெயினின் ஓலோட் நகரில் தொடங்கி, 1871இல் கலிபோர்னியாவுக்கு வந்தது. அங்கே அதன் முக்கியமான வேலை பள்ளிக்கூடம் நடத்துவது. ஹாலிவுட் பகுதியில் குன்றின் மேல் சொந்தமாகப் பெண்கள் கல்லூரியும் இருந்தது: இம்மாக்குலேட் ஹார்ட் கல்லூரி.

1941இல் அங்கேயே பட்டம் பெற்றார். சிறு குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு அனுப்பினார்கள், போனார். கல்லூரியில் ஓவியம் கற்பிக்க ஆள் வேண்டும் என்று திருப்பிக் கூப்பிட்டார்கள், வந்தார். 1951இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றில் முதுகலைப் பட்டம் முடித்தார். இதில் எந்த முடிவும் முழுக்க அவர் எடுத்ததாகத் தெரியவில்லை. மடத்தில் ஆட்களைத் தேவைக்கேற்ப நகர்த்துவார்கள். அந்த நகர்வில் தற்செயலாக அவருக்கு ஓர் ஓவிய வகுப்பறை வாய்த்தது.

ஸ்கிரீன் பிரிண்டிங் அவருக்கு அறிமுகமானது இந்தச் சமயத்தில்தான். மெக்சிகோவைச் சேர்ந்த சுவரோவியர் அல்ஃபிரெதோ ராமோஸ் மார்த்தினெஸின் மனைவி மரியா சோதி, கணவர் இறந்த பிறகு லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்துவந்தார். அவர்தான் கொரீட்டாவுக்குத் தொழிலின் அடிப்படைகளைக் காட்டிக்கொடுத்தார். வேலை என்னவென்று துணிக்கடைப் பையையும் கல்யாணப் பத்திரிகையையும் பார்த்த நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, மை போகக்கூடாத இடத்தை அடைக்க ஒரு மறைப்பு, மையை அழுத்தி இழுக்க ஒரு ரப்பர் பட்டை. ஒரு நிறத்துக்கு ஒரு மறைப்பு. ஐந்து நிறம் என்றால் ஒவ்வொரு தாளும் ஐந்து முறை திரையின் கீழே போய் வரவேண்டும். ஒவ்வொரு முறையும் காய வேண்டும்.

அன்றைய ஓவிய உலகத்தில் இதற்குப் பெரிய மரியாதை கிடையாது. விளம்பரப் பலகைக்காரர்களின் தொழில் அது. கொரீட்டாவுக்கு அதுவே வசதியாகப் போனது. இயந்திரம் வேண்டாம், செலவு குறைவு, ஒரே படத்தைப் பல பிரதிகள் எடுத்து மலிவாக விற்கலாம். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் ஒரே ஓர் எண்ணெய் ஓவியத்தை வரைந்து ஒரே ஒரு பணக்காரருக்கு விற்பதில் ஏதோ ஒன்று ஒட்டவில்லை என்பதை அவர் சொல்லாமலே செய்துகாட்டினார். 1952இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. அந்தப் படம் மாதாவைப் பற்றியது. பைசாந்தியப் பாணியில், அடர்ந்த வண்ணங்களில், அடுக்கடுக்காக அச்சடித்தது. அவருடைய பின்னாள் படங்களை மட்டும் பார்த்தவர்கள் இதையும் அவர்தான் செய்தார் என்று நம்பவே மாட்டார்கள்.

மூன்று வாரம்

கல்லூரியில் கோடைக்கால வகுப்பும் உண்டு. அது முடிந்து அடுத்த பருவம் தொடங்குவதற்கு நடுவே, ஆகஸ்டு மாதத்தில், ஏறத்தாழ மூன்று வாரம் இடைவெளி. அந்த ஆண்டின் அச்சு வேலை முழுவதும் அந்த வாரங்களுக்குள்தான் நடக்கும். மற்ற மாதங்களில் யோசிக்கலாம், குறிப்பெடுக்கலாம், பத்திரிகையிலிருந்து வெட்டி வைக்கலாம். திரையைக் கட்டி மையைக் கரைப்பது அப்போது மட்டும்.

முதலில் கல்லூரிக் கட்டடத்திலும், பிறகு எதிர்ப்புறத்தில் ஃபிராங்க்ளின் சாலையில் ஒரு சின்னக் கடைக்கட்டடத்திலும் வேலை நடந்தது. மறைப்பை வெட்டுவதும் நிறத்தை முடிவு செய்வதும் கொரீட்டா. தாளை எடுத்துக் கொடுக்க, அச்சானதை வாங்கிக் காயவைக்க, அடுக்க மாணவிகளும் மற்ற சகோதரிகளும் இருந்தார்கள். கூலி கிடையாது. எல்லாரும் ஒரே சபை, ஒரே கல்லூரி.

மடத்தைச் சிறை என்று சொல்லும் கதையில் இந்த அச்சுக்கூடத்துக்கு இடமே இல்லை. வாடகை, சாப்பாடு, உதவிக்கு ஆள், கிடைக்காத காட்சிக்கூடத்துக்குப் பதில் தயாராக இருக்கும் வாசகர்கள்: இவ்வளவையும் ஒரு தனி ஓவியர் சேர்க்க வேண்டுமென்றால் அரை ஆயுள் போய்விடும். மூன்று வாரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் படத்துக்கு நல்லதாகவே அமைந்தது. ஆரம்பகாலப் படங்களில் பத்துப் பதினைந்து நிறம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். 1960களில் அது இரண்டு மூன்று நிறமாகக் குறைந்தது, மனித உருவங்கள் காணாமல் போயின, எழுத்து பெரிதாகிவிட்டது. ரசனை மாறியது ஒரு காரணம். நேரம் இல்லாதது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1964 வரை ஓவியத் துறைக்குத் தலைமை வகித்தவர் சகோதரி மக்தலேன் மேரி. நாட்டுப்புறக் கலைப்பொருட்களை உலகம் முழுவதிலிருந்தும் சேகரித்து, துறையை ஒரு சந்தை மாதிரி நிரப்பி வைத்தவர் அவர். பொம்மையும் முகமூடியும் கைத்தறியும் மாணவிகளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. 1959இல் இருவரும் ஐரோப்பாவில் நீண்ட பயணம் போய் வந்தார்கள். கொரீட்டாவின் புகழ் வெளிச்சத்தில் மக்தலேன் மேரி கிட்டத்தட்ட மறைந்தே போய்விட்டார். மடத்துக்குள்ளேயும் இப்படித்தான் நடக்கிறது.

ரொட்டி உறை

1962 கோடையில் லாஸ் ஏஞ்சலஸின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில் ஆண்டி வார்ஹோல் என்ற நியூயார்க் ஓவியர் 32 சூப் டப்பாப் படங்களை வரிசையாக வைத்தார். நகரத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். கொரீட்டா போய்ப் பார்த்தார். அதே ஆண்டு அவர் செய்த படம் ஒன்றின் பெயர் ‘வொண்டர்பிரெட்’. அமெரிக்காவின் எல்லா மளிகைக் கடையிலும் கிடைத்த அந்தப் பிராண்டு ரொட்டியின் உறையில் சிவப்பு, மஞ்சள், நீல வட்டங்கள் இருக்கும். கொரீட்டாவின் படத்திலும் நிறநிறமான வட்டங்கள்தான். ஆனால் பார்க்கிறவர் கத்தோலிக்கர் என்றால் வட்டமான அப்பம் வேறு ஒன்றையும் நினைவூட்டும்: பூசையில் கிறிஸ்துவின் உடலாகக் கொடுக்கப்படும் நற்கருணை.

வார்ஹோல் டப்பாவை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொண்டார். கொரீட்டாவால் அப்படி நகர முடியாது, அவர் ஆசிரியை. 1964இல் அதே ரொட்டி உறையை மறுபடி எடுத்தார். சத்துச் சேர்த்த ரொட்டி என்ற விளம்பர எழுத்து பெரிதாக. அதற்கு நடுவே சிறிய கையெழுத்தில், கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மனைவி ஒருவர் பிள்ளைகளின் பசியைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள். கூடவே காந்தி சொன்னதாக வழங்கும் கூற்று: பசித்தவனுக்கு முன்னால் கடவுள் ரொட்டியாக மட்டுமே வர முடியும் என்பது. ஒரு மளிகைக் கடை உறை, ஒரு சுரங்கத் தொழிலாளி வீடு, காந்தி, யோவான் நற்செய்தியிலிருந்து எடுத்த தலைப்பு. பிரசங்கம் என்று சொன்னால் பிரசங்கம்தான். ஆனால் தூங்கவிடாத பிரசங்கம்.

இதன் செய்முறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பத்திரிகையிலிருந்து விளம்பரத்தைக் கிழிப்பார். தாளை மடிப்பார், கசக்குவார், வளைப்பார். எழுத்து நெளிந்து நிற்கும்போது படம் பிடிப்பார். அதைப் பெரிதாக்கி, கோட்டை எடுத்து, மறைப்பாக வெட்டுவார். கணினி இல்லாத காலத்தில் அவர் படங்களில் எழுத்துகள் அலையடிப்பதும் திரும்பிக்கொள்வதும் தலைகீழாவதும் இப்படித்தான். விளம்பரக்காரன் நேராக நம் முகத்தில் அடித்த வார்த்தை கொஞ்சம் கோணலானதும் வேறு ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறது. பெட்ரோல் நிறுவனத்தின் கோஷம் தூய ஆவியைப் பற்றிப் பேசுகிறது. காலை உணவு நிறுவனத்தின் பெரிய ஜி எழுத்து கடவுளின் நன்மைக்குப் போய்விடுகிறது.

இதற்கு ஒரு சூழல் உண்டு. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962இல் கூடியது. 1963 டிசம்பரில் வழிபாட்டைப் பற்றிய அதன் ஏடு வந்தது. லத்தீனில் நடந்த பூசை மக்கள் மொழிக்கு வரத் தொடங்கியது. மக்கள் மொழி என்றால் எது? கோயிலுக்கு ஏற்ற உயர்ந்த நடையா, கடைத்தெருவில் காதில் விழுவதா? இறையியலாளர்கள் கூட்டம் போட்டுப் பேசிய இந்தக் கேள்விக்கு, ஹாலிவுட்டில் ஒரு சகோதரி சூப்பர் மார்க்கெட்டில் இருந்து விடை எடுத்து வந்தார். எல்லா விடையும் எடுபடவில்லை. 1964இல் தக்காளி டப்பா விளம்பரத்தை வைத்து, மாதாதான் எல்லாவற்றிலும் சாறு மிகுந்த தக்காளி என்று ஒரு படம் வந்தது. வாசகம் கொரீட்டாவுடையது அல்ல. ஒரு நண்பர் எழுதியதை எடுத்துக்கொண்டார். இன்று பார்த்தால் அதில் குறும்பும் பக்தியும் சம அளவில் இருக்கின்றன. அன்றைய பேராயரின் மறைமாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருந்தால் என் முகமும் சிவந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

வகுப்பறை

படங்களைவிட அவருடைய வகுப்புதான் பெரிய சாதனை என்று அந்த மாணவிகளில் பலர் பிற்காலத்தில் சொன்னார்கள். அட்டையில் சின்னச் சதுர ஓட்டை போட்டு ஆளுக்கு ஒன்று கொடுப்பார். அதன் வழியாக மட்டுமே பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்குக்கும் பழைய கார் விற்கும் இடத்துக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவார். பாதி எழுத்து, ஒரு மூலை, ஒரு நிழல் என்று முழுசாகப் பார்த்தால் குப்பையாகத் தெரிந்தது துண்டாகப் பார்க்கும்போது படமாகிவிடும். வீட்டுப்பாடம் என்றால் பத்து இருபது கிடையாது, நூறு இருநூறு. ஒரு பொருளை எடுத்து அதைப் பற்றி நூறு கேள்வி எழுது என்பார். பத்தாவது கேள்விக்குள் புத்திசாலித்தனம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம்தான் பார்வை தொடங்கும் என்பது அவர் கணக்கு.

வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் வீட்டுக்கு மாணவிகள் போய் வந்தார்கள். கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், வடிவமைப்பாளர் சால் பாஸ், இசையமைப்பாளர் ஜான் கேஜ் போன்றவர்கள் கல்லூரிக்கு வந்து பேசினார்கள். கன்னியாஸ்திரிகளும் இளம்பெண்களும் உட்கார்ந்திருக்கும் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரிக்கு இவ்வளவு பேர் வந்ததற்குக் காரணம், அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் வேறு இடத்தில் கேட்கப்படவில்லை என்பதுதான்.

துறைக்கென்று பத்து விதிகள் எழுதி வைத்தார் கொரீட்டா. வேலை செய்வது ஒன்றுதான் விதி, எதுவும் தவறு கிடையாது, வெற்றியும் தோல்வியும் கிடையாது, செய்வது மட்டும்தான் உண்டு என்ற ரீதியில் போகும். ஜான் கேஜின் கூற்று ஒன்று கடைசி விதியில் வருகிறது. அது போதும், பட்டியல் முழுவதும் கேஜ் எழுதியது என்று இணையத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. ஆசிரியை எழுதியதை அழைத்து வந்த விருந்தாளியின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

கல்லூரியில் ஆண்டுதோறும் மாதா விழா நடக்கும். கறுப்பு அங்கி, நீண்ட வரிசை, அமைதியான பவனி. 1964இல் இதை மாற்றும் பொறுப்பு ஓவியத் துறைக்கு வந்தது. உலகப் பசிதான் அந்த ஆண்டின் பொருள். சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தட்டிகளும் பேனர்களும் பூமாலைகளும் கிட்டாரும் சேர்ந்து அந்த மலைப்பாதையில் திருவிழாவே இறங்கிவிட்டது. அன்று எடுத்த புகைப்படங்களில் கறுப்புத் துறவு உடையில் இருக்கும் சகோதரிகள் தலையில் பூ வைத்திருக்கிறார்கள். நாடு முழுவதும் அந்தப் படங்கள் போய்ச் சேர்ந்தன. பார்த்தவர்களில் ஒரு பகுதி ஆனந்தப்பட்டது. இன்னொரு பகுதி பேராயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதியது.

அதே காலத்தில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வத்திக்கான் அரங்கு அமைந்தது. இறந்த இயேசுவை மாதா மடியில் ஏந்தியிருக்கும் மைக்கேலாஞ்சலோவின் பியத்தா சிலையை ரோமிலிருந்து கப்பலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதே அரங்கில் 40 அடி நீளத்துக்கு இயேசுவின் மலைப்பொழிவில் வரும் ‘பேறுபெற்றோர்’ வரிகளை எழுத்தும் வண்ணமுமாகச் செய்துவைத்தவர் கொரீட்டா. 1965 கிறிஸ்துமஸுக்கு ஐபிஎம் கணினி நிறுவனத்தின் நியூயார்க் காட்சியறையில் அவரும் மாணவிகளும் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, உலகில் அமைதி என்ற பொருளில் ஒரு காட்சி அமைத்தார்கள். வியட்நாம் போருக்கு எதிரானது என்று புகார் வந்து சில பகுதிகளை மாற்ற வேண்டியதாயிற்று. கிறிஸ்துமஸுக்கு அமைதி என்று எழுதினால் அரசியல் ஆகிவிடும் காலம் வந்துவிட்டது.

1965 ஆகஸ்டில் அதே லாஸ் ஏஞ்சலஸின் தெற்கே, கறுப்பின மக்கள் வாழும் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. 34 பேர் இறந்தார்கள். கொரீட்டா அச்சடிக்கும் மாதமும் அதுதான். ஆகஸ்டு 14ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் முதல் பக்கத்தை அப்படியே எடுத்து ஒரு பாதியில் வைத்தார். மறு பாதி சிவப்பு, அதில் கறுப்பின உரிமைப் போராட்டம் நடந்த அலபாமாவின் செல்மாவில் பணியாற்றிய கத்தோலிக்க குரு மாரிஸ் உவலெட்டின் வார்த்தைகள். வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி ஒருவர், தன் நகரம் எரிந்த அதே பருவத்தில், அதைக் கலவரம் என்று ஒதுக்காமல் ‘என் மக்கள்’ என்று தலைப்பிட்டார். அவருடைய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விளையாட்டு இல்லை, நெளியும் எழுத்து இல்லை. செய்தித்தாள், சிவப்பு, அவ்வளவுதான்.

மோதல் எதைப் பற்றி?

1948 முதல் லாஸ் ஏஞ்சலஸ் பேராயராக இருந்தவர் கர்தினால் ஜேம்ஸ் பிரான்சிஸ் மெக்கின்டைர். குருவாவதற்கு முன் நியூயார்க் பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர், நிர்வாகத்தில் கெட்டிக்காரர். வேகமாக வளர்ந்த நகரத்தில் ஏராளமான பங்குக் கோயில்களையும் பள்ளிகளையும் கட்டினார். அந்தப் பள்ளிகள் ஓடியது சகோதரிகளின் உழைப்பில். பட்டப்படிப்பு முடியாத இளம் சகோதரிகளைக்கூட வகுப்பறைக்கு அனுப்ப வேண்டியிருந்தது; ஒரு வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது.

1965 அக்டோபர் 28 அன்று வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வின் புதுப்பித்தல் பற்றிய ஏட்டை வெளியிட்டது. சபைகள் தங்கள் நிறுவனரின் நோக்கத்துக்குத் திரும்ப வேண்டும், காலத்துக்கேற்ப மாறவும் வேண்டும் என்றது அது. இருதய சகோதரிகள் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். 1967இல் சபைத் தலைவி அனிதா காஸ்பரியின் தலைமையில் பொதுப்பேரவை கூடி முடிவுகளை வெளியிட்டது. உடையைத் தாங்களே முடிவு செய்வது, செப நேரத்தைக் குழுவாகத் தீர்மானிப்பது, படிப்பு முடியாமல் யாரையும் ஆசிரியப் பணிக்கு அனுப்பாதது, வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கைக்கு வரம்பு, ஆசிரியப் பணி தவிர வேறு வேலையும் தேர்ந்தெடுக்கும் உரிமை.

செய்தித்தாள்களுக்கு உடை கிடைத்தது. பாவாடை நீளத்தைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். ஆனால் பட்டியலைப் பாருங்கள். கர்தினாலை உறுத்தியிருக்க வேண்டியது மூன்றாவதும் நான்காவதும். சகோதரிகள் படித்துமுடித்துத்தான் வருவோம் என்றால் அந்த இடத்தில் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். புதுப்பித்தலைக் கைவிடாவிட்டால் சகோதரிகள் மறைமாவட்டப் பள்ளிகளை விட்டு வெளியேற வேண்டும் என்று நிலைமை முற்றியது, வெளியேறவும் நேர்ந்தது. 1968 தொடக்கத்தில் ரோம் தலையிட்டது: ஒரே மாதிரி உடை, தினமும் பொதுச் செபம், கல்விப் பணி, உள்ளூர் ஆயரோடு ஒத்துழைப்பு ஆகிய நான்கும் வேண்டும் என்றது. 1970இல் முந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரிகள் வார்த்தைப்பாடுகளிலிருந்து விலக்குப் பெற்று, இம்மாக்குலேட் ஹார்ட் சமூகம் என்ற பெயரில் துறவிகள் அல்லாத பொதுநிலையினர் அமைப்பாக மாறினார்கள். சிறு குழு ஒன்று மட்டும் பழைய ஒழுங்கில் தொடர்ந்தது.

இந்தக் கதையில் கொரீட்டாவின் படங்கள் எங்கே? ஓரத்தில்தான். மறைமாவட்டத்துக்கு அவை எரிச்சல் தந்தன என்பது உண்மை. அவரைக் கட்டுப்படுத்தச் சொல்லிச் சபைத் தலைமைக்கு அழுத்தமும் வந்தது. தலைமை பெரும்பாலும் அவருக்குக் கேடயமாக நின்றது. ஆனால் தக்காளிப் படத்துக்காக முந்நூறு பெண்கள் வார்த்தைப்பாட்டை விட்டுவிடவில்லை. அவர்கள் கேட்டது தங்கள் வேலைநேரத்தின் மீதும் படிப்பின் மீதும் தங்களுக்குச் சொல் வேண்டும் என்பது. கொரீட்டா அந்தச் சபையின் வெளியே தெரிந்த முகம். 1967 கிறிஸ்துமஸ் வாரத்து நியூஸ்வீக் இதழின் அட்டையில் அவரையே போட்டார்கள்.

அந்த முகம் களைத்துப் போயிருந்தது. 1964இல் துறைத் தலைமை அவரிடம் வந்தது. வகுப்பு, நாடு முழுக்கச் சொற்பொழிவுப் பயணம், நிறுவனங்களின் ஆர்டர், போர் எதிர்ப்பு நண்பர்கள், பத்திரிகைக்காரர்கள். தூக்கமின்மை அவரை வாட்டியது. மூன்று வார அச்சுக்கூடம் படத்துக்கு நல்லது என்று மேலே சொன்னேன். ஆளுக்கு அது நல்லதா என்பது வேறு. கூலி கேட்காத உழைப்பில் ஓடிய ஓவியத் துறையும் கூலி கேட்காத உழைப்பில் ஓடிய பள்ளிக்கூடங்களும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு முனைகள். பேரவை வகுப்பறைக்குக் கேட்ட ஓய்வை ஓவியத் துறையில் அவரால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1968 கோடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு கேப் காட் கடற்கரைக்குப் போனார். இலையுதிர் காலத்துக்குள், சபையின் பெரும்பிரிவுக்கு ஏறத்தாழ ஈராண்டு முன்பே, விலக்கு கேட்டுவிட்டார். பாஸ்டனில் தனியாக ஒரு வீடு. வயது ஐம்பது.

வேறொரு நாட்டில் இதே பத்தாண்டில் நடந்ததை ஒப்பிட்டால் சபையின் தரம் புரியும். பெல்ஜியத்தின் டொமினிக்கன் சகோதரி ஜானின் டெக்கர்ஸ் கிட்டார் வாசித்துப் பாடிய இசைத்தட்டு 1963 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. வருமானம் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் மடத்துக்கும் போனது. 1966இல் அவர் மடத்தை விட்டு வந்த பிறகு, பெல்ஜிய அரசு வரி கேட்டு அவரைத் துரத்தியது. கையில் காசு இல்லை, கணக்குச் சீட்டும் இல்லை. 1985இல் அவர் வாழ்க்கை மிகத் துயரமாக முடிந்தது. கொரீட்டாவுக்கும் மடத்தில் இருந்தவரை சம்பாதித்தது எதுவும் சொந்தமில்லை. ஆனால் வெளியே வரும்போது அவரிடம் ஒரு தொழிலும் ஒரு பெயரும் இருந்தன, பழைய சகோதரிகள் பகையாகவும் இல்லை.

பாஸ்டன்

அங்கே நிறுவனங்களுக்கு வேலை செய்து பிழைத்தார். 1971இல் பாஸ்டன் கேஸ் நிறுவனத்தின் பிரம்மாண்டமான எரிவாயுத் தொட்டி மேல் வானவில் நிறத்தில் தூரிகைத் தீற்றல்கள். அவர் சின்ன மாதிரி ஒன்றில் தீட்டிக் கொடுத்தார். விளம்பரப் பலகை வரையும் தொழிலாளர்கள் தொட்டியில் ஏற்றினார்கள். நீலத் தீற்றலின் விளிம்பில் வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னின் பக்கவாட்டு முகம் இருக்கிறது என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். அவர் மறுத்தார். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இன்றும் மூக்கைத் தேடுகிறார்கள். அந்தத் தொட்டி 1992இல் இடிக்கப்பட்டபோது, பக்கத்துத் தொட்டியில் அதே ஓவியத்தை மறுபடி தீட்டினார்கள்.

1970களில் புற்றுநோய் வந்தது. நீர்வண்ணத்தில் பூக்களும் கடலும் வரைந்தார். 1985இல் அஞ்சல் துறைக்காக அவர் செய்த ‘அன்பு’ அஞ்சல்தலை 70 கோடிக்கும் மேல் விற்றது. அதன் வெளியீட்டு விழாவை ஒரு சொகுசுக் கப்பல் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் வைத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் வைத்திருக்க வேண்டும் என்பது கொரீட்டாவின் விருப்பம். அவர் விழாவுக்குப் போகவில்லை. அன்பு கடினமான வேலை என்று ஒரு படம் அச்சடித்தார். பழைய குறும்பு அதில் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது. 1986 செப்டம்பர் 18 அன்று இறந்தார். வாழ்நாளில் ஏறத்தாழ 800 அச்சுப் படங்கள்.

கல்லூரி அதற்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில், மூடப்பட்டுவிட்டது. அந்த வளாகத்தில் இப்போது அமெரிக்கத் திரைப்படக் கழகம் இயங்குகிறது. ஃபிராங்க்ளின் சாலையில் இருந்த அச்சுக்கூடக் கட்டடம் அப்புறம் சலவைக் கடையாகவும் வேறு கடையாகவும் இருந்தது. அதை இடித்து வாகன நிறுத்தமாக்கும் திட்டம் வந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, 2021இல் நகராட்சி அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

விற்காத படங்களையும் எல்லாப் படங்களின் பதிப்புரிமையையும் கொரீட்டா இம்மாக்குலேட் ஹார்ட் சமூகத்துக்கே எழுதிவைத்தார். அவரும் விலகிவிட்டார், அவர்களும் விலகிவிட்டார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு யாரையும் கட்டவில்லை. ஆனாலும் அவருடைய படத்தைச் சட்டையிலோ நாட்காட்டியிலோ அச்சடிக்க யாராவது அனுமதி கேட்டால், அந்தப் பணம் 1936இல் அவர் போய்ச் சேர்ந்த பெண்களின் வழிவந்தவர்களுக்குத்தான் போகும்படி செய்துவிட்டுப் போனார்.